சூடான 2 மீட்டரைத் தொலைக்காமல் இரைச்சலைக் குறைப்பது எப்படி?

மின்கேபிளை ஒட்டி 10 கிலோமீட்டர் ஓடும் ஒளியிழையில், எந்த இணைப்பு சூடாகிறது என்று கண்டுபிடிக்க இழைக்குள் சிதறித் திரும்பும் ஒளியை வைத்து வெப்பநிலையை அளக்கும் ராமன் கருவி ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் கட்டினோம். திரும்பி வரும் ஒளியில் வெப்பநிலையைச் சொல்லும் பகுதியான ஆன்டி-ஸ்டோக்ஸ் ஒளி மிக மெலிது. தூரமுனையில் இரைச்சலுக்குள் வெப்பநிலை மூழ்கிவிட்டது. மூன்று வழிகளைப் பார்த்து, கடைசியில் ஒளித்துடிப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் அனுப்பும் கோலே குறியீட்டை எடுத்தோம்.

முதல் வழி, பல துடிப்புகளின் அளவீடுகளைச் சராசரி எடுப்பது. எல்லாரும் செய்வதுதான். ஒளி 10 கி.மீ. போய்த் திரும்ப 100 மைக்ரோவினாடி ஆகும். ஒன்று திரும்பிய பிறகே அடுத்ததை அனுப்பலாம், அதனால் வினாடிக்கு 10,000 துடிப்புகள்தான். இரைச்சல் எட்டில் ஒரு பங்காக வேண்டுமானால் 64 மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது மென்பொருள் வடிகட்டி. செலவே இல்லை, முதலில் இதில்தான் மயங்கினோம். பிறகு 2 மீட்டர் இழையைச் சுற்றி, அறையைவிட 40 டிகிரி கூடுதலான சுடுநீரில் வைத்தோம். அரை மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் அந்தச் சூடு 4 புள்ளிகளில்தான் இருக்கிறது. 10 புள்ளி நகரும் சராசரி போட்டால் 40 டிகிரி மேடு 16 ஆகிவிடும். கோடு அழகாக இருக்கும், எச்சரிக்கை மணி அடிக்காது. கோட்டைச் சிறு அலைத்துண்டுகளாகப் பிரித்து இரைச்சலை நீக்கும் வேவ்லெட் வடிகட்டி இதைவிட நல்லது. ஆனால் வரம்பைக் கொஞ்சம் உயர்த்தினால் சின்ன மேட்டையும் இரைச்சலென்று தூக்கி எறிந்துவிடும். எங்களுக்கு முடிவைத் தந்தது இந்த ஒரே சோதனைதான். தனித்து நிற்கும் சூட்டைக் காட்டாத கருவியை எதற்குக் கட்ட வேண்டும்?

கோலே முறையில் ஒரு துடிப்புக்குப் பதில் துடிப்புத் தொடர் போகிறது. லேசரின் உச்சத்திறனை ஏற்றினால் தூண்டப்பட்ட ராமன் சிதறல் (வலுவான ஒளியில் சிதறல் தானே பெருகுவது) வந்து அளவீட்டைக் கெடுக்கும். தொடராக அனுப்பினால் உச்சம் ஏறாமலே அதிக ஆற்றல் உள்ளே போகும். 256 பிட் குறியீடு, அதே நேரத்தில், உணரியின் இரைச்சலை 8 மடங்கு குறைக்கிறது. பிட் ஒன்று 10 நானோவினாடிதான் என்பதால், குறியீட்டைப் பிரித்த பிறகும் துல்லியம் 1 மீட்டரிலேயே நிற்கிறது. சுடுநீர் மேடு உயரம் குறையாமல் வந்தபோது எங்களுக்கு அப்படி ஒரு நிம்மதி!

பராமரிப்பு உண்டு. தொடரின் எல்லாத் துடிப்புகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒளியைப் பெருக்கும் எர்பியம் பெருக்கி வைத்தால் முன்னால் போகும் துடிப்புகள் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ள, பின்னவை குட்டையாகும். குறியீட்டைப் பிரித்து எடுத்த கோட்டில் இல்லாத வால் முளைக்கும். அதனால் ஆஸிலோஸ்கோப்பில் அவ்வப்போது பார்த்துச் சரிசெய்கிறோம்.

நான் சொல்வதெல்லாம் 10 கி.மீ. மல்ட்டிமோட் (ஒளி பல பாதைகளில் போகும்) இழையை வைத்துத்தான். வேறொரு வகைச் சிதறலை அளக்கும் பிரில்லுவான் கருவியில் நான் குறியீட்டை ஓட்டிப் பார்த்ததில்லை. வேவ்லெட்டை முழுதாகக் கைவிடவும் இல்லை. திரையில் காட்டும் படத்துக்கு இன்றும் அதுதான். மணியை அடிப்பது மட்டும் வடிகட்டாத தரவு.