சூப்பர் விசாவும் ஒரு 'லோயர்' அண்ணையும்

அம்மாவைக் கனடாவுக்கு எடுக்கப் போய், அவருக்கு ஐந்து வருடத் தடை வாங்கிக் கொடுத்தவன் நான். பெற்றோரை எடுக்க யோசிப்பவர்கள் வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

எங்களுக்குப் பிள்ளை பிறக்க இருந்த நேரம். கனடாவில் இருக்கிறவர்களின் பெற்றோருக்கான சூப்பர் விசாவில் வந்தால் ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை நிற்கலாம். வருமானக் கணக்கு, ஒரு லட்சம் டொலர் மருத்துவக் காப்புறுதி எல்லாம் சரியாக இருந்தது. நானே விண்ணப்பித்திருக்கலாம். ஆனால் 2017 இல் அம்மாவுக்கு லண்டன் விசா மறுத்திருந்தார்கள். அதை எப்படி எழுதுவது என்ற பயத்தில்தான் ஆள் தேடினேன்.

டொரொன்டோவின் ஸ்காபுறோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் கந்தோர். வெளிப் பலகையில் 'லோ' (Law, சட்டம்) என்று பெரிதாக எழுதியிருந்தது. எல்லாரும் அவரை லோயர் அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள். சுவரில் கண்ணாடி போட்ட ஒரு சான்றிதழ். அது சத்தியப்பிரமாண ஆணையாளர் என்பதற்கானது. கையெழுத்தை உறுதிப்படுத்தலாம், அவ்வளவுதான். அதைப் பிறகுதான் கிட்டப் போய் வாசித்தேன்.

"தம்பி, ஒண்டுக்கும் யோசிக்காதையும். நூறு வீதம் எடுத்துத் தாறன்" என்றார். 2,800 டொலர், காசாக. பற்றுச்சீட்டு இல்லை. லண்டன் கதையைச் சொன்னேன், தலையாட்டினார். அம்மா பெயரில் ஒரு மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவரே உருவாக்கிக்கொண்டார். பிரதிநிதி படிவம் என்று ஒன்று உண்டு. காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் செய்பவர் தன் பெயரை அதில் எழுதவேண்டும். "அது தேவையில்லை, வேலை சுணங்கும்" என்றார். அந்த இடத்திலேயே எழும்பி வந்திருக்கவேண்டும்.

நான்கு மாதத்தில் கனடாக் குடிவரவுத் திணைக்களத்திடமிருந்து கடிதம் வந்தது. கனடாவோ வேறு எந்த நாடோ விசா மறுத்ததா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டிருக்கிறீர்கள், 10 நாளுக்குள் விளக்கம் தாருங்கள் என்று. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளோடு கனடா விசாத் தகவல்களைப் பரிமாறிக்கொள்கிறது, கைரேகை உட்பட. இதில் எரிச்சல் என்னவென்றால், பழைய மறுப்பு ஒரு குற்றமே இல்லை. உண்மையை எழுதி விசா எடுத்தவர்கள் நிறையப் பேர். மறைத்ததுதான் குற்றம்.

அண்ணை போன் எடுக்கவில்லை. நேரே போனபோது, "அம்மாதானே விண்ணப்பிச்சவ, என்ரை பெயர் எங்கை இருக்கு?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் உண்மையான சட்டத்தரணி ஒருவரிடம் ஓடினேன். முதலில் எழுத்தில் ஒப்பந்தம், கட்டணம் இவ்வளவு, முற்பணம் ட்ரஸ்ட் கணக்கில் (கட்சிக்காரரின் காசைத் தனியாக வைக்கும் கணக்கு), பற்றுச்சீட்டு. வெற்றி நிச்சயம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி: "அனுப்பின விண்ணப்பத்தின்ரை பிரதி இருக்கா?" இல்லை. ஏஜென்ட் செய்த பிழை என்று விளக்கம் எழுதினோம். எடுபடவில்லை. யார் தட்டச்சு செய்தாலும் பொறுப்பு விண்ணப்பதாரருக்குத்தான். தவறான தகவல் தந்ததாக ஐந்து வருடத் தடை. இப்படிக் கனடாவுக்கு வெளியே எடுத்த விசா முடிவை எதிர்த்து ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள் தவணை உண்டு. செலவைக் கேட்டுவிட்டு நாங்கள் விட்டுவிட்டோம்.

காசு வாங்கி இந்த வேலை செய்ய உரிமை உள்ளவர்கள் சிலர்தான்: மாகாணச் சட்டச் சங்கத்தில் இருக்கும் லோயரும் பராலீகலும் (உரிமம் பெற்ற சட்டத் துணையாளர்), கியூபெக் நொத்தாரிசு, உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டினால் லோயரா இல்லையா என்று அப்போதே தெரியும். ஆலோசகர்களுக்கும் அவர்களுக்கு உரிமம் கொடுக்கும் 'கல்லூரி' (College) என்ற அமைப்பின் பொதுப் பதிவேடு இருக்கிறது, இலவசம்தான். நான் அந்த அண்ணையின் பெயரை இரண்டிலும் தேடினேன், எல்லாம் முடிந்த பிறகு. இல்லை. அவரைப் பற்றிக் கனடா எல்லைச் சேவை முகவரகத்துக்கு முறைப்பாடு எழுதிப் போட்டிருக்கிறேன்.

மகளுக்கு இப்போது பல் முளைக்கிறது. அம்மா வாட்ஸ்அப்பில் பார்க்கிறா. போன கிழமை அந்த பிளாசாவுக்கு மரக்கறி வாங்கப் போனேன். கந்தோர் திறந்துதான் இருக்கிறது. பலகையில் 'லோ' என்ற சொல்லை மட்டும் அழித்திருக்கிறார்கள்.