டியூஷன், கைப்பேசிச் செயலி, பிழை நோட்டு: ஏழாம் வகுப்புக் கணக்குக்கு மூன்றையும் பார்த்துவிட்டோம்

பள்ளி திறந்த மூன்றாவது வாரமே மகளின் கணக்கு நோட்டில் நீல மையைவிடச் சிவப்பு மை அதிகமாகிவிட்டது. ஆறாம் வகுப்பு வரை வீட்டுப்பாடத்தில் கணக்கைத்தான் முதலில் முடித்துவிட்டு எழுந்திருப்பாள். ஏழில் முழுக்கள் வந்தன, மைனஸ் குறி வந்தது, பிள்ளை கணக்கு நோட்டைப் பையின் அடியில் தள்ளிவைக்க ஆரம்பித்தாள்.

கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் எங்கள் ஊர். நான் தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை எடைக் கணக்கு எழுதுகிறேன். அவள் அப்பா லாரி ஓட்டுகிறார். வாரத்தில் நான்கு நாள் மலைக்குக் கீழே. இந்த நிலையில் ஓராண்டுக்குள் மூன்று வழிகளையும் பார்த்துவிட்டோம். இப்போது எதில் நிற்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிழை நோட்டில், அதாவது தவறாகப் போட்ட கணக்குகளை எழுதிவைக்கும் நாற்பது ரூபாய் நீள நோட்டில். சனிக்கிழமை மட்டும் செயலி. டியூஷனை நிறுத்திவிட்டோம்.

செலவுக் கணக்கில் நேரம் செலவிட வேண்டியதில்லை. டியூஷன் மாதம் எழுநூறு ரூபாய். 2024இல் மகளிர் கட்டணமில்லாப் பயணம் மலைப் பகுதிக்கும் வந்துவிட்டதால் பஸ்ஸுக்குக் காசில்லை. செயலியில் இலவசப் பகுதியை மட்டுமே பயன்படுத்தினோம். பணம் கட்டினால் என்னென்ன திறக்குமோ, அதைப் பற்றி நான் பேசக் கூடாது. நோட்டின் விலையை மேலே சொல்லியாகிவிட்டது.

டியூஷனைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனிதர், அதட்டாதவர். பள்ளியில் வேகமாகப் போன பாடத்தை நிதானமாக இன்னொரு முறை நடத்தினார். இரண்டாவது முறை கேட்பதே சில பிள்ளைகளுக்குப் போதும். ஆனால் ஒரே அறையில் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை பதினெட்டுப் பிள்ளைகள். அவர் ஒவ்வொரு நோட்டாக எடுத்துப் பார்க்க எங்கே நேரம்? கணக்கைப் பலகையில் போடுவார், தவறாகப் போட்டவர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்கு வரும்போது மகளின் நோட்டில் எல்லாமே சரியாக இருக்கும். வெள்ளிக்கிழமை பள்ளியில் வைக்கும் பத்துக் கேள்விச் சிறுதேர்வில் நான்கு மதிப்பெண்.

பாதையும் ஒரு பிரச்சினைதான். ஆறரைக்கு டியூஷன் விட்டு, ஏழு மணிக்கு மேல் எங்கள் நிறுத்தத்தில் இறங்கினால், தோட்டத்து வழியாகப் பத்து நிமிட நடை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை. மூடுபனியில் கைவிளக்கு மூன்றடிக்கு மேல் எட்டாது. ஒருநாள் வளைவில் காட்டு மாடு நின்றுகொண்டிருந்தது. அது தேயிலைச் செடிக்குள் இறங்கும் வரை நாங்கள் இருவரும் கால் மணி நேரம் மதகுச் சுவரோடு ஒட்டி நின்றோம். அன்று எட்டரைக்கு வீட்டுப்பாடத்தைத் திறந்தவள் முதல் கணக்கிலேயே தூங்கிவிட்டாள். கோத்தகிரி, குன்னூர் நகருக்குள் இருப்பவர்களுக்கு இந்தப் பத்தி பொருந்தாது, தாண்டிப் போகலாம்.

செயலி விஷயத்தில் எனக்கு ஆரம்பத்தில் ஆசை அதிகம். வீட்டை விட்டு நகர வேண்டாம், மின்சாரம் போனாலும் கைப்பேசியில் சார்ஜ் இருக்கும். மகளும் சந்தோஷமாக உட்கார்ந்தாள். அதனாலேயே எனக்கு உண்மை புரிய ஒரு மாதம் ஆனது. ஒருநாள் பாத்திரம் கழுவிவிட்டுக் கை துடைத்துக்கொண்டே பின்னால் நின்று பார்த்தேன். திரையில் −7 − (−3). நான்கு விடைகள். மகள் −10 என்பதைத் தட்டினாள். சிவப்பு. உடனே −4. பச்சை, ஒரு நட்சத்திரம், அடுத்த கேள்வி. எல்லாம் நான்கு விநாடிக்குள்.

"முதலில் ஏன் பத்து என்று போட்டாய்?" என்று கேட்டேன்.

"தெரியலைம்மா, அதுதான் தப்பாச்சே, இது சரி."

நான் எழுத உட்கார்ந்ததே இந்த இடத்தைச் சொல்லத்தான். அடுப்பை அணைத்துவிட்டு அவளைத் தாளில் போடச் சொன்னேன், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. "மைனஸும் மைனஸும் சேர்ந்தால் ப்ளஸ். அதனால் ஏழையும் மூன்றையும் கூட்டினேன். பத்து. முன்னால் மைனஸ் இருக்கிறது, அதனால் மைனஸ் பத்து." பாருங்கள், அவளுக்கு விதி தெரியும். எந்த இரண்டு மைனஸ் சேர்ந்து ப்ளஸ் ஆகிறது, அந்த ப்ளஸ் எதோடு எதைக் கூட்டுகிறது என்பதுதான் தெரியவில்லை. டியூஷனில் இதே கணக்குக்குப் பலகையைப் பார்த்து −4 என்று எழுதியிருக்கிறாள். செயலியில் −4க்கு நட்சத்திரமும் வாங்கிவிட்டாள். தவறு மட்டும் அலுங்காமல் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

மளிகைக் கடைப் பற்று நோட்டை எடுத்துப் போட்டேன். "கடையில் நமக்கு ஏழு ரூபாய் பாக்கி. அதில் மூன்று ரூபாய் பாக்கியை அண்ணாச்சி அடித்துவிட்டார். இப்போது எவ்வளவு பாக்கி?" நான்கு என்றாள். "பாக்கியை அடிப்பதுதான் அந்த இரண்டாவது மைனஸ்." சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தானாகவே −5 − (−8) எழுதி, "அப்படியென்றால் அண்ணாச்சிதான் நமக்கு மூன்று ரூபாய் தர வேண்டும்" என்றாள்.

எனக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் கணக்கு தெரியாது. இதற்கு அது தேவைப்படவும் இல்லை. பாடநூலின் கடைசியில் விடைகள் இருக்கின்றன. விடை தவறு என்று தெரிந்த பிறகு, எந்த வரியில் தவறியது என்று பிள்ளையைப் பேசவைக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். மூன்று வழிகளில் அந்த வரியை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டபோது எனக்கு வேறு கேள்வி மிஞ்சவில்லை.

பிழை நோட்டு இப்படித்தான். பக்கத்தை நீளவாக்கில் இரண்டாக மடித்துக்கொள்கிறோம். இடது பாதியில் தவறாகப் போட்ட கணக்கு, போட்டபடியே. அழிப்பான் கூடாது, தவறிய வரிக்குக் கீழே பென்சில் கோடு மட்டும். வலது பாதியில் அந்த நேரத்தில் என்ன நினைத்தாள் என்று அவள் கையெழுத்தில் ஒரே வரி. "மூன்றின் முன்னால் இருக்கும் மைனஸைப் பார்க்கவில்லை", "மீட்டரை சென்டிமீட்டர் ஆக்க மறந்தேன்", "கேள்வியைப் பாதிதான் படித்தேன்". மூன்று நாள் கழித்து இடது பாதியை மறைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. இரண்டு முறையும் சரியாக வந்தால் ஓரத்தில் ஒரு டிக். முதல் மாதம் முடிந்து புரட்டிப் பார்த்தபோது பாதிக்கு மேல் தவறுகள் மூன்றே வகைதான்: குறி, அலகு, அவசரம். இதை எந்த மதிப்பெண் அட்டையும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பிழை நோட்டில் சிக்கல் எங்கே என்றால், பராமரிப்பில். டியூஷனுக்குப் பணம் கட்டிவிட்டால் பிள்ளை போய்த்தான் ஆக வேண்டும். செயலி தானே மணியடித்துக் கூப்பிடும். நோட்டு கூப்பிடாது. அலமாரியில் கிடந்தால் கிடக்கும். முதல் நோட்டு எங்களிடம் மூன்றாவது வாரத்தில் செத்துவிட்டது. காரணம் என் பேராசை: எல்லாத் தவறையும் எழுது என்றேன். ஒரு பயிற்சிக்குப் பதினோரு தவறு இருந்தால் அதை எழுதவே ஒரு மணி நேரம். பிள்ளைக்கு அது தண்டனை எழுதுவதுபோல ஆகிவிட்டது. இரண்டாவது நோட்டில் நாளைக்கு மூன்று மட்டும், எந்த மூன்று என்பதை அவளே தேர்ந்தெடுக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் கிடையாது. இந்த ஏற்பாடு ஏழு மாதமாக ஓடுகிறது. மழைக்குப் பின் இலை குவியும் நாட்களில் நான் வர எட்டு மணியாகிவிடும். அப்போது பத்து நாள் போல விட்டுப்போனதும் உண்டு. பெற்றோர் இருவரும் இரவு வேலைக்குப் போகும் வீட்டில் இது நிற்குமா என்றால், சந்தேகம்தான்.

சிறுதேர்வுக்கு வந்தால் செயலிக்குச் சில மதிப்பெண் கொடுத்தே தீர வேண்டும். வீட்டுப்பாடத்துக்கு நிதானம் வேண்டும். சிறுதேர்வுக்கு வேகமும் வேண்டும். அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. மனத்திறன் தாள், படிப்பறிவுத் தாள், தலா 90 கேள்வி, தலா 90 நிமிடம். தேர்வாகிவிட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. கேள்விக்கு ஒரு நிமிடம் என்ற ஓட்டத்துக்கு நோட்டு பழக்காது. அதனால் சனிக்கிழமை காலையில் செயலியில் இருபது கேள்வி, கடிகாரம் வைத்து. தவறியவற்றில் மூன்று மாலையில் நோட்டுக்குப் போகும். இரண்டாவது தட்டலில் சரியாக வந்தாலும் தவறு தவறுதான் என்பது எங்கள் வீட்டு விதி.

அவசரத்தைப் பிடிக்க நானே சில கேள்விகள் தயாரிக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் 46 கிலோமீட்டர். ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம், இறங்க மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், போய்வரும் பயணத்தின் சராசரி வேகம் என்ன? மகள் ஏறும் வேகம் 9.2, இறங்கும் வேகம் 13.1 என்று சரியாகவே கண்டுபிடித்து, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 11.15 என்றாள். மொத்தம் 92 கிலோமீட்டரை எட்டரை மணி நேரத்தால் வகுத்தால் 10.8தான் வருகிறது. ஏன் குறைகிறது என்று அவள் அப்பாவிடம் கேட்டோம். "ஏற்றத்தில்தானே நேரம் நிறையப் போகிறது, மெதுவாகப் போன நேரம்தான் கணக்கில் அதிகம்" என்றார், தட்டிலிருந்து தலை நிமிராமல். அந்தப் பக்கத்தின் வலது பாதியில் இருக்கும் வரி அவர் சொன்னது.

வெள்ளிக்கிழமை மதிப்பெண் இப்போது ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஆடுகிறது. இதில் நோட்டின் பங்கு எவ்வளவு, மலைப்பாதையில் கழியாமல் மிஞ்சிய மாலை நேரத்தின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்களிடம் இருப்பதும் ஒரே பிள்ளை. ஒன்பதாம் வகுப்பில் பாடம் எனக்கு எட்டாத உயரத்துக்குப் போகும்போது மறுபடி டியூஷன் தேட வேண்டியிருக்கலாம். தேடினால் முதலில் ஒன்றுதான் கேட்பேன்: ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், நோட்டைத் திறந்து பார்ப்பீர்களா?

மூன்றாவது நோட்டு போன வாரம் தொடங்கியது. முதல் பக்கத்தில் வட்டத்தின் பரப்பளவு. விட்டத்தை ஆரம் என்று எடுத்துவிட்டாள். வலது பாதியில், "படத்தைப் பார்த்தேன், கேள்வியைப் பார்க்கவில்லை."