எச்சரிக்கை: வண்டியில் ஏர் கம்ப்ரசர் பொருத்தப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். ஆறிடுச்சுன்னா "சரி விடு, போனது போச்சு"ன்னு மனசு சமாதானம் சொல்ல ஆரம்பிச்சிடும். அந்தக் கடைக்காரங்க எதிர்பார்க்கிறதும் அதைத்தான். மணல், காடு மேடுன்னு ரோடு இல்லாத இடத்துல ஓட்டுற ஆஃப்ரோடு வண்டிக்கு, டயருக்குக் காத்து ஏத்துற ஏர் கம்ப்ரசர் ஒண்ணை நிரந்தரமா மாட்டலாம்னு யோசிக்கிறவங்களுக்காக இந்தப் பதிவு. எதைப் பார்த்து வாங்கணும், எப்படிப் பொருத்தணும்னு கடைசியில விளக்கமா எழுதறேன். முதல்ல நடந்ததைக் கொட்டிடறேன்.

போனது என்னோட ஒரு மாசச் சம்பளம். கம்ப்ரசர், ஒயரிங், ஹோஸ், பொருத்துக் கூலி எல்லாம் சேர்த்து, முழுசா ஒரு மாசச் சம்பளம்.

கடைப் பேர் சொல்லலை. ஆஃப்ரோடு சாமான்களை வித்து, அவங்களே மாட்டியும் கொடுக்கிற வகைக் கடை. சுவர் பூரா வின்ச், ஸ்நார்க்கல், லைட் பார்னு தொங்கவிட்டு, வாசல்ல எப்பவும் ரெண்டு உசரமான வண்டி நிக்குமே, அந்த மாதிரி.

கம்ப்ரசர் எதுக்குன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. மணல்ல இறங்கினா டயர் காத்தை 15 பி.எஸ்.ஐ. பக்கம் குறைக்கணும், அப்பத்தான் டயர் பரந்து மணலைப் பிடிக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் 35-க்கு ஏத்தியே ஆகணும். காத்து கம்மியான டயரோட வேகமா ஓட்டினா பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழிஞ்சிடும். சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகுற பம்ப் இதுக்குப் பத்தாது. அந்த சாக்கெட்டோட ஃபியூஸே பெரும்பாலும் 15, 20 ஆம்பியர்தான். பெரிய டயருக்கு ஏத்த ரெட்டை சிலிண்டர் கம்ப்ரசர் 50 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். அதனால பேட்டரியில இருந்து நேரடியா தனி ஒயர் இழுத்து, ரிலே (சின்ன ஸ்விட்சால பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் பண்ற சாதனம்) வச்சுத்தான் மாட்டணும். இது எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் "வேலை தெரிஞ்சவங்க மாட்டட்டும்"னு கடைக்குப் போனேன்.

கவுன்டர்ல இருந்தவரு பேச்சுக்காரர். பொருளை விக்கிற அவசரமே காட்டலை. என் வண்டியைச் சுத்தி வந்து, குனிஞ்சு அடியில பார்த்து, டயர் சைஸைக் கேட்டு, "அண்ணே, காத்தைச் சேர்த்து வைக்கிற டேங்க் எல்லாம் உங்களுக்குத் தேவையே இல்லை, வீண் செலவு"ன்னாரு. காசைக் குறைக்கச் சொல்ற வியாபாரியை யாருக்குத்தான் பிடிக்காது? அப்புறம் பண்ணினாரு பாருங்க ஒரு வேலை. வெளியே கூட்டிட்டுப் போய்த் தன் சொந்த வண்டியோட பானெட்டைத் திறந்து, "என் வண்டியிலயே இதுதான் ஓடுது, கேளுங்க"ன்னு ஸ்விட்சைப் போட்டாரு. பேட்டரி பக்கத்துல, கட்டை விரல் தடிமனுக்கு ஒயர் போட்டு, அவ்வளவு சுத்தமா மாட்டியிருந்துச்சு. ஒரு டயர்ல காத்தை இறக்கி என் கண்ணு முன்னாடியே ஏத்தினாரு. ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். "இதே செட், இதே ஒயரிங், அண்ணனுக்கும் பண்ணிடறோம்." அந்த இடத்துலதான் நான் பணத்தை எண்ணி வச்சேன், முழுத் தொகையையும்.

வண்டியை எடுக்கப் போனப்ப கம்ப்ரசர் பானெட்டுக்குள்ள இல்லை. பின்சீட்டுக்கு அடியில இருந்துச்சு. ஏன்னு கேட்டா, "இஞ்சின் சூடு பட்டா மோட்டாருக்கு ஆயுசு குறையும் அண்ணே, அதான் உள்ள வச்சோம்." பாதி உண்மையை வச்சு ஏமாத்துறது இதுதான். எக்ஸாஸ்ட் பக்கத்துல வைக்கக் கூடாதுங்கிறது நிஜம். ஆனா பின்சீட்டுக்கு அடியில கார்பெட் மூடின பொந்துக்குள்ள வச்சா அதோட சொந்தச் சூடு எங்க போகும்? உள்ள வச்சதோட நிஜக் காரணம் எனக்கு அப்புறம்தான் விளங்குச்சு. பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் கண்ணுல படாது.

மணல்ல ஒரு நாள் நல்லா ஓட்டிட்டு, ரோட்டு ஓரம் வந்து காத்து ஏத்த ஸ்விட்சைப் போட்டேன். முதல் டயருக்கே கிட்டத்தட்ட நாலு நிமிஷம். ரெண்டாவது டயர் பாதியில மோட்டார் தானா நின்னுடுச்சு. சூடு தாங்காம உள்ளே இருக்கிற கட்-ஆஃப் விழுந்திருக்கு. காத்திருந்து மறுபடி போட்டேன், இன்னும் சீக்கிரம் நின்னுச்சு. மூணாவது தடவை போட்டதும் ஹோஸ் 'பட்'னு கழண்டு சீட்டுக்கு அடியில சீறுது. கூடவே பிளாஸ்டிக் கருகுற வாடை. பேட்டரி கழட்ட ஓடினேன். கூட வந்த நண்பர் தன்னோட கையடக்கப் பம்பைப் பேட்டரியில கிளிப் போட்டு எனக்கு மீதி மூணு டயரும் ஏத்திக் கொடுத்தாரு. அந்தப் பம்போட விலை நான் கொடுத்ததுல ஒரு துணுக்கு.

வீட்டுல வந்து சீட்டைக் கழட்டி, எலெக்ட்ரிக்கல் வேலை தெரிஞ்ச அதே நண்பரோட உக்காந்து பார்த்தோம். ஒயரை பிளேடால சுரண்டினாரு. மேல செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசின ஒயர். அதுவும் 4 சதுர மில்லிமீட்டர் தடிமன்தான். பேட்டரியில இருந்து பின்சீட்டுக்கு 4 மீட்டர், போக வர 8 மீட்டர். அவர் பேப்பர்ல போட்ட கணக்கு: நிஜச் செம்பா இருந்தாலே 50 ஆம்பியர் இழுக்கும்போது 1.75 வோல்ட் வழியிலேயே செத்துடும். இந்த முலாம் ஒயர்ல ரெண்டரை வோல்ட்டுக்கும் மேல. 12 வோல்ட்ல மோட்டாருக்கு வந்து சேர்றது ஒன்பது சில்லறைதான். அதே தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டிருந்தா அரை வோல்ட்கூட விழாது.

ஃபியூஸ் இருந்துச்சு. ஆனா கம்ப்ரசர் பக்கத்துல இருந்துச்சு. ஃபியூஸ் ஒயரைக் காப்பாத்தத்தான், அது பேட்டரியை ஒட்டி இருக்கணும். நடுவழியில ஒயர் உரசி பாடியில பட்டிருந்தா அந்தக் கடைசி ஃபியூஸ் எதையும் தடுத்திருக்காது, வண்டி எரிஞ்சிருக்கும். இதை நினைக்கும்போதுதான் கை நடுங்குது. பணம் போனது ஒரு பக்கம், பின்சீட்டுல என் பிள்ளைங்க உக்காருவாங்க.

ஹோஸ் கதையும் அதேதான். கம்ப்ரசர்ல இருந்து வர்ற காத்து கொதிக்கும், அதனால வெளிவர்ற முதல் துண்டு சூடு தாங்கற, எஃகுப் பின்னல் போட்ட ஹோஸா இருக்கணும். இவங்க சாதாரண பிளாஸ்டிக் குழாயை மாட்டியிருக்காங்க. அது இளகிக் கழண்டுடுச்சு.

பெட்டியில "நிமிஷத்துக்கு 160 லிட்டர்"னு பெரிய எழுத்துல இருந்துச்சு. ஒரு டயருக்குள்ள 80 லிட்டர் இடம்னு வச்சுக்கோங்க. 15-ல இருந்து 35-க்கு ஏத்த, அதாவது 20 பி.எஸ்.ஐ. கூட்ட, சுமார் 110 லிட்டர் காத்து வேணும். எனக்கு நாலு நிமிஷம் ஆச்சு. அப்ப நிமிஷத்துக்கு முப்பதுகூட வரலை. 160 எங்க, 30 எங்க? எதிர்ல அழுத்தமே இல்லாம, ஹோஸைத் திறந்துவிட்டு அளந்த எண்ணைத்தான் பெட்டியில போடுறாங்க, அதுவும் இந்தப் பெட்டியில அப்பட்டமான பொய். வெளிக்கூடு மட்டும் அந்த ஆள் வண்டியில பார்த்த மாதிரியே இருந்துச்சு.

இனி கடைக்காரங்க என்னைப் பந்தாடின கதை. போன் பண்ணினா "ஓனர் வெளியே போயிருக்காரு". நேர்ல போனா பேச்சுக்காரரு முகமே மாறிப் போச்சு. அண்ணன் போய் சார் வந்துடுச்சு. "சார், நீங்க தொடர்ந்து ஓட்டியிருக்கீங்க. இது 25 பர்சென்ட் டூட்டி சைக்கிள். 15 நிமிஷம் ஓடினா 45 நிமிஷம் நிறுத்தணும்."

"வாங்கும்போது இதை ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே சார்."

பதினஞ்சு நிமிஷம் எங்க ஓடுச்சு? ஆறு நிமிஷத்துல நின்ன மோட்டாருக்கு இந்தக் கதை. விக்கும்போது ஒரு தடவைகூட வாயில வராத டூட்டி சைக்கிள், கை கழுவும்போது மட்டும் மனப்பாடமா வருது.

ஒயரைக் காட்டினேன். "ஒயரிங் பண்ண பையன் வேலையை விட்டுப் போயிட்டான் சார்." வாரண்டி? "மோட்டாருக்கு மட்டும்தான். கம்பெனிக்கு அனுப்பணும், போக்குவரத்துச் செலவு உங்களோடது." கார்டை எடுத்துப் பார்த்தா சீரியல் நம்பர் கட்டம் காலி. பில்லுல "ஏர் கம்ப்ரசர், பொருத்துக் கூலி உட்பட"ன்னு ஒரே வரி. மாடல் இல்லை, ஒயர் அளவு இல்லை. வாட்ஸாப்ல போட்டோ அனுப்பினேன், பார்த்ததுக்கு நீல டிக் வந்துச்சு, பதில் வரலை. கடைசியா கிடைச்ச பதில் என்ன தெரியுமா? "அடுத்த மாடல் எடுத்துக்கோங்க சார், உங்களுக்காக டிஸ்கவுண்ட் போட்டுத் தரோம்." ஒரு மாசச் சம்பளத்தை விழுங்கிட்டு, இன்னொரு மாசச் சம்பளத்துக்கு வாயைத் திறந்துட்டு நிக்கிறாங்க.

விளக்கமா எழுதறேன்னு சொன்னேன். இப்ப முடியலை, திரும்பத் திரும்ப அந்த முகம்தான் வருது. முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன்.

150 பி.எஸ்.ஐ.ன்னு போட்டிருக்கிறதைப் பார்த்து மயங்காதீங்க, டயருக்கு அது தேவையே இல்லை. 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்துல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், டூட்டி சைக்கிள் எந்த அழுத்தத்துல எவ்வளவு, இந்த ரெண்டும் எழுத்துல வேணும். முழுப் பணத்தை முன்கூட்டியே கொடுக்காதீங்க. அவங்க வண்டியில ஓடுறதைப் பார்த்துட்டு சரின்னு சொல்லாதீங்க, உங்க வண்டியில மாட்டினதை, நாலு டயரும் 15-ல இருந்து 35-க்கு ஏத்திக் காட்டச் சொல்லுங்க. இஞ்சினை ஓடவிட்டுத்தான். ஒயர் நுனியைச் சுரண்டிப் பாருங்க. ஃபியூஸ் பேட்டரி பக்கத்துல இருக்கான்னு பாருங்க. ஏர் ஃபில்டர் தண்ணியும் புழுதியும் படாத உசரத்துல இருக்கணும். பில்லுல மாடல், சீரியல் நம்பர் ரெண்டும் இல்லாம சாவியை வாங்காதீங்க.