பாளையில் ஆங்கில உச்சரிப்பு வகுப்பு: முதல் நிலை அருமை, இரண்டாம் நிலைக்குப் பணம் கட்டாதீங்க

குறையும் சொல்லப் போவதால் பெயரைப் போடவில்லை. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நடக்கிற வகுப்பு. தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பேர் எடுத்த ஊரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் இங்கே இலக்கணம் கிடையாது, 'ஹவ் ஆர் யூ' மனப்பாடம் கிடையாது, வாயும் காதும் மட்டும்தான்.

முதல் நிலை எடுப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சுவரில் ஒலிக்குறி சார்ட் தொங்குகிறது. எழுத்து 26, ஆனால் பிரிட்டிஷ் உச்சரிப்பில் ஒலி 44 என்று எண்ணுவார்கள், அதனால் எழுத்தைப் பார்த்துப் படித்தால் தப்பத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு சார்ட்டை அதோடு விட்டுவிட்டார். அப்புறம் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து வாய்க்கு நேரே தொங்கவிடச் சொன்னார். தமிழில் 'பல்' என்றால் காகிதம் லேசாகக்கூட அசையாது. ஆங்கிலத்தில் குண்டூசியைச் சொல்கிற 'பின்' என்றால் காற்று பட்டுப் பறக்க வேண்டும். முன்னால் ஒரு 'ஸ்' சேர்த்து 'ஸ்பின்' என்றால் மறுபடி அசையக் கூடாது. குத்துகிற பின்னும் குப்பை போடுகிற பின்னும் தமிழில் எழுதினால் ஒன்றுதான், காற்றில்லாமல் முதலாவதைச் சொன்னால் வெள்ளைக்காரன் காதில் அது குப்பைத்தொட்டியாகத்தான் விழும்.

ஏன் இப்படி என்பதையும் சொன்னார், மற்ற இடங்களில் இதைச் சொல்ல ஆள் இல்லை. க, த, ப எல்லாம் நமக்குச் சொல்லின் முதலில் வல்லென்று ஒலிக்கும், நடுவில் மெலிந்துவிடும். இடம் பார்த்து ஒலி தானாக மாறுவதால் இரண்டையும் தனித்தனி எழுத்தாகப் பிரிக்க நம் காதுக்குத் தேவையே வரவில்லை. இடையன்குடியில் இருந்த, திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1856லேயே இதை விதியாக எழுதி வைத்துவிட்டார் என்று சார் சொன்னார், அதற்குப் பக்கத்துத் திசையன்விளையிலிருந்து வருகிற ஒரு பையன் அன்றைக்குப் பூரா மிதப்பிலேயே இருந்தான்.

நம்மிடம் இருப்பதை வைத்தே சொல்லித்தருவதுதான் இவரிடம் பிடித்தது. ஆங்கிலத்தில் 'தென்' (then), 'தட்' (that) வரும்போது நாக்கை எங்கே வைப்பது என்று முழிக்க வேண்டாம், 'அது' என்று சொல்லும்போது நடுவில் வருகிற தகரத்தைக் கொஞ்சம் நீட்டினால் கிட்டத்தட்ட அந்த ஒலிதான். 'வேன்', 'ஒயின்' இரண்டுக்கும் ஒரே வகரத்தைப் போடுகிற ஆட்களுக்குக் கைக்கண்ணாடி, முதலாவதுக்கு மேல்பல் கீழுதட்டில் படுகிறதா, அடுத்ததுக்கு உதடு குவிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சொல் முடிவில் உகரம் ஒட்டுகிற பழக்கத்துக்கு மட்டும் கண்ணாடியும் இல்லை, காகிதமும் இல்லை, திட்டுதான். "எய்யா, பஸ்ஸுல ஏறாத, பஸ்ல ஏறு" என்பார்.

பாதிக்கு மேல் நேரம் போவது அழுத்தத்துக்கு. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்கு உரிய மாத்திரையைக் கொடுத்துப் பழகிய வாய், ஆங்கிலத்திலும் எல்லா உயிரையும் முழுசாகச் சொல்லிவிடுகிறது. அங்கேயோ ஒரு அசை ஓங்கும், மற்றது பாதி தேய்ந்துபோகும். அப்படித் தேய்ந்த 'அ' மாதிரி ஒலிக்கு ஷ்வா என்று பெயர், ஆங்கிலத்தில் அதிகம் வருகிற உயிரே அதுதான். 'போட்டோகிராப்' என்றால் முதல் அசை ஓங்கும், 'கிராபர்' என்று முடிந்தால் அழுத்தம் இரண்டாவதுக்குத் தாவி முதலாவது ஷ்வா ஆகிவிடும். 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லாக இருந்தால் முன்னால் அழுத்தம், வினையானால் பின்னால். நாம் தினமும் சொல்கிற ஹோட்டலுக்கே அழுத்தம் இரண்டாவது அசையில்! சார் கையால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லவைப்பார், கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் எப்படிப் பொறுத்துக்கொள்கிறாரோ தெரியவில்லை. இதற்கப்புறம் ஆங்கிலச் செய்தி கேட்கும்போது எனக்கு விழுங்கப்பட்ட சொற்கள் பிடிபட ஆரம்பித்தன, பேசுவதைவிடக் கேட்பதில்தான் முதலில் பலன் தெரிந்தது.

இரண்டாம் நிலை 'அமெரிக்கன் ஆக்சென்ட்'. ஆசிரியர் வேறு, கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பு. லேப்டாப்பில் வீடியோவைப் போட்டுக் கூடவே சொல்லச் சொல்வார், ஸ்பீக்கரை மீறித் தெருவில் ஹாரன் கேட்கும். 'வாட்டர்' என்பதை 'வாரர்' மாதிரி சொல்லுங்கள் என்கிறார், ஏன் என்று கேட்டால் 'ஸ்டைல் சார்' என்கிறார். இரண்டு உயிருக்கு நடுவில் அங்கே டகரம் நாக்கு நுனி ஒரு தட்டுத் தட்டி விடுகிற ஒலியாகிவிடும், அது நம் 'மரம்' என்பதில் உள்ள ரகரத்துக்கு அண்ணன் தம்பி. கீழ்வகுப்பு சார் இதை ஒரே நிமிஷத்தில் விளக்கியிருப்பார். இறந்தகால வினைமுடிவு மூன்று விதமாக ஒலிக்கும், 'வாக்ட்' (walked), 'பிளேட்' (played), 'வான்டிட்' (wanted) ஆகிய மூன்றிலும் அது வேறு வேறு என்பதைக்கூட இங்கே தொடவில்லை. மூக்கால் பேசுவதுதான் ஆக்சென்ட் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பையன்கள் வெளியே போனார்கள், பாவம்.

நர்சிங் முடித்து வெளிநாட்டுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், தொலைபேசியில் பேசுகிற வேலைக்குப் போகிறவர்கள் முதல் நிலைக்குத் தாராளமாகப் போகலாம். இலக்கணமே தகராறு என்றால் அதை முதலில் பாருங்கள், இங்கே அதற்கு வழியில்லை. சேரும்போது இரண்டு நிலைக்கும் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், ஒன்றுக்கு மட்டும் கட்டுங்க. மாலை பேட்ச்சில் ஆள் அதிகம், கண்ணாடி முறை வருவதற்குள் மணி அடித்துவிடும், காலையில் கிடைத்தால் அதையே எடுங்கள். பைக்கை மார்க்கெட் வாசலில் விடாதீர்கள், காய்கறி லோடு இறங்குகிற நேரம் வெளியே எடுக்கவே முடியாது.