பூண்டி மாதா கோயில்: கூட்டம் இல்லாத நாளா பாத்துப் போங்க

ஸ்டார் குடுக்கச் சொன்னா அஞ்சுதான், ஆனா எதுக்குப் போறீங்கன்னு ஒண்ணு இருக்குல்ல. மாதாகிட்ட அழுதா விட்டுட்டுப் போனவன் திரும்பி வந்துருவான்னு நெனச்சுப் போறவங்க இத முழுசா படிச்சிட்டுக் கெளம்புங்க.

தஞ்சாவூர்ல இருந்து திருக்காட்டுப்பள்ளி பஸ் புடிச்சா அங்கேருந்து பக்கம், ரயில்னா பூதலூர்ல எறங்கணும். சுத்தி வயலு, வாழை, அந்தாண்ட கொள்ளிடம். கோயில வீரமாமுனிவர் கட்டினதா சொல்லுவாங்க (தேம்பாவணி எழுதினவரேதான், கொள்ளிடத்துக்கு அக்கரைல ஏலாக்குறிச்சி கோயிலும் அவரு கட்டினது). பசிலிக்கா (முக்கியமான கோயிலுக்கு போப் குடுக்குற பட்டம்) ஆனது 1999-லதான். வேளாங்கண்ணி 1962-லயே ஆயிருச்சு, கூட்டமும் அங்கதான். வேளாங்கண்ணிய நான் கொற சொல்லல, ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துக்கு காவி கட்டி நடந்து போற ஜனத்தோட சேர்ந்து போறது தனி சந்தோஷம், ஆனா மனசு ஒடிஞ்சு கெடக்குறப்ப அந்த மைக் சத்தம் எனக்கு ஒத்து வரல.

என் கதை பெருசா ஒண்ணும் இல்ல, பேசி முடிச்ச கல்யாணம் நின்னு போச்சு. அத்தை, "போனா போறான் விடுடி, வேற எடம் பாத்து முடிச்சிட்டா எல்லாம் சரியாயிரும்"னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ஃப்ரெண்ட்ஸ் என்னடான்னா டேட்டிங் ஆப்ப எறக்கிக் குடுத்தாளுங்க. யோசிச்சுப் பாத்தா ரெண்டு சைடும் சொன்னது ஒண்ணுதான், ஆள மாத்து.

பூசை முடிஞ்சு பாவசங்கீர்த்தனத்துக்கு, அதான் சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்பு கேக்க, நின்னேன். அவன் மேல எவ்ளோ கோவம், அவங்க அம்மா மேல எவ்ளோ கோவம்னு மூச்சு விடாம கொட்டித் தீத்தேன். வயசான சாமியாரு, எல்லாத்தையும் கேட்டுட்டு, "கோவத்தச் சொல்லிட்டம்மா, பயத்தச் சொல்லலியே"ன்னாரு. எனக்கு பதிலே வரல. அப்புறம் பைபிள்ல யோவான் 4-ஆம் அதிகாரத்தப் படின்னு அனுப்பி வெச்சாரு.

சமாரியப் பொண்ணு கதை, சின்ன புள்ளைல மறைக்கல்விலயே கேட்டதுதான். அஞ்சு புருஷன், இப்ப இருக்குறவனும் புருஷன் இல்ல, உச்சி வெயில்ல தனியா தண்ணிக்கு வர்றா. இயேசு அவள ஏசவும் இல்ல, நல்ல மாப்பிள்ளையா பாத்துத் தரேன்னும் சொல்லல, குடிக்க தண்ணி கேட்டாரு, கேட்டுட்டு இனி தாகமே எடுக்காத தண்ணி என்கிட்ட இருக்குங்கிறாரு. கடைசில அவ குடத்தப் போட்டுட்டு ஊருக்குள்ள ஓடுறா. அந்தக் குடத்த நான் அதுவரைக்கும் கவனிச்சதே இல்ல. எனக்குக் குடம் என் ஃபோனு, அவனோட லாஸ்ட் சீன் பாத்துப் பாத்து மொண்டுக்கிட்டு இருந்தேன்.

இங்க முன்னாடி பங்குச் சாமியாரா இருந்த லூர்து சேவியர் சாமியார் கல்லறைகிட்டயும் போய் உக்காருங்க. பக்கத்துல ஒரு பொண்ணு பஸ் டிக்கெட் பின்னாடி பேனாவால என்னமோ எழுதி, அடிச்சு, திருப்பி எழுதிக்கிட்டு இருந்துச்சு, ஏதோ ஒரு பேருதான், எடமே பத்தல. பாவமா இருந்துச்சு, ஒரு மனுசன்கிட்ட போயி சாமி தர வேண்டியதக் கேட்டா அவன் எங்க போவான், அவனும் நம்மள மாதிரி பயந்தவன்தான? அதுக்காக கல்யாணமே வேணாம்னு சொல்ல வரல, ஆனா கல்யாணம் நடந்தாதான் தூக்கம் வரும்னு இருந்தது இப்ப இல்ல. அழுகை சுத்தமா நிக்கல, அதையும் சொல்லிடுறேன். ராத்திரி செபமாலை சொல்றப்ப பாதிலயே தூங்கிடுறேன், அவ்ளோதான்.

செப்டம்பர் 8 மாதா பொறந்தநாளு, மே மாச திருவிழா, இந்த ரெண்டு சமயத்துலயும் அமைதிய தேடிப் போகாதீங்க, கும்பலா குடும்பத்தோட போக வேண்டிய நேரம் அது. வார நாள்ல காலைப் பூசைக்குப் போங்க. ஆட்டோ ஏறுறதுக்கு முன்னாடியே ரேட் பேசிடுங்க, எனக்கு ஒருத்தர் நல்லா தீட்டிட்டாரு. திரும்பி வர்றப்ப திருவையாறு வழியா வந்தீங்கன்னா சூடா அசோகா அல்வா வாங்கிக்கலாம், நான் அத்தைக்கும் அரைக் கிலோ வாங்கிட்டுப் போனேன்.