தவறான தீர்ப்பைத் திருத்த எது மேல்: கூடிப் பேசுவதா, வீடியோவா?

தான் கொடுத்த தீர்ப்பு தவறோ என்ற சந்தேகம் பேஸ்பால் அம்பயருக்கு வந்துவிட்டால் மூன்று வழிகள் உண்டு: சொன்னதிலேயே நிற்பது, சக அம்பயர்களைக் கூட்டிப் பேசுவது, வீடியோ பார்ப்பது. இரண்டே அம்பயர்கள் இருக்கும் சின்ன ஆட்டங்களில் நின்றவன் நான். முதல் வழியில்தான் ஆரம்பித்தேன். ஒருமுறை ஃபீல்டர் பாய்ந்து எடுத்த பந்தைக் கேட்ச் என்று சொல்லிவிட்டேன். அது தரையில் பட்டு எழும்பியதைச் சக அம்பயர் பார்த்திருக்கிறார். நான் கேட்கவில்லை, கேட்காதபோது அவர் குறுக்கே வரவும் கூடாது. அடுத்த பந்தும் வீசியாகிவிட்டது, இனித் திருத்த முடியாது. அன்றிலிருந்து நான் கூடிப் பேசும் கட்சி.

சொன்னதில் நிற்பதற்கு இருக்கும் ஒரே நியாயம், ஆட்டம் தடைபடாது என்பது. ஆனால் அம்பயரின் கௌரவத்தைவிடச் சரியாக இருப்பதே முக்கியம் என்று விதிப்புத்தகமே சொல்கிறது.

2004-இல் யாங்கீஸ், ரெட் சாக்ஸ் அணிகள் மோதிய அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் 6-ஆம் ஆட்டத்தைப் பாருங்கள். மார்க் பெல்ஹார்ன் அடித்த பந்து சுவரைத் தாண்டிப் பார்வையாளர் மேல் பட்டுத் திரும்பியது. முதலில் அதை ஹோம் ரன்னாகக் கொடுக்கவில்லை, கூடிப் பேசிக் கொடுத்தார்கள். அதே ஆட்டத்தில் முதல் பேஸுக்கு (ரன்னர் தொட வேண்டிய முதல் தளத்துக்கு) ஓடிய அலெக்ஸ் ரோட்ரிகஸ், பிட்சரின் (பந்து வீசுபவரின்) கையுறையைத் தட்டிப் பந்தை விழவைத்தார். அவரை அவுட் என்று மாற்றி, அதற்குள் ஓடி ரன் எடுத்துவிட்ட டெரெக் ஜீட்டரை முதல் பேஸுக்கே திருப்பி அனுப்பினார்கள். எந்தத் திரையும் இல்லை.

உண்மையான சிக்கல் இந்தத் திருப்பி அனுப்புவதில்தான் இருக்கிறது. தீர்ப்பை மாற்றுவது எளிது, ரன்னர்களை எங்கே நிறுத்துவது? ஃபேர் (பந்து கோட்டுக்கு உள்ளே) என்று சொன்னது பிறகு ஃபவுல் (கோட்டுக்கு வெளியே) என்று தெரிந்தால் எல்லாரும் பழைய பேஸுக்குப் போய்விடலாம். தலைகீழாக நடந்தால் வம்பு. ஃபவுல் என்று கத்திய நொடியே ஃபீல்டர்கள் நின்றுவிடுவார்கள், ரன்னர்களும் நின்றுவிடுவார்கள். நடக்காத ஓட்டத்தை யார் அளப்பது? முதல் தீர்ப்பு சரியாக இருந்திருந்தால் ரன்னர்கள் எங்கே போயிருப்பார்களோ அங்கே நிறுத்தும் அதிகாரத்தை விதி கொடுக்கிறது. ஆனாலும் அது ஊகம்தான். 2009 பிளேஆஃபில் ஜோ மாவர் அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தும் ஃபவுலாகிப்போனது. நல்லவேளையாக அப்போது பேஸ்களில் ஆள் இல்லை. அதனால் சந்தேகப் பந்துக்கு ஃபவுல் சொல்வதில் அவசரமே கூடாது என்பேன். வீடியோ இருந்தாலும் இந்த ஊகம் போகாது. திரையில் பந்து விழுந்த இடம் தெரியும், ஓடாத ரன்னர் தெரியமாட்டார்.

சரி, வீடியோ வெல்லும் இடமும் உண்டு. 2010 ஜூன் 2 அன்று பிட்சர் அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட்டாக்கியிருந்தார். 27-ஆவது ஆளை முதல் பேஸில் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சேஃப் (அவுட் இல்லை) என்றுவிட்டார். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்ததும் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மறுநாள் கலராகாவே ஆட்டக்காரர்களின் வரிசைப் பட்டியலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்ததை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. ஆனால் கைநழுவிய பெர்ஃபெக்ட் கேம் (ஒருவரையும் பேஸுக்கு விடாமல் 27 பேரையும் அவுட்டாக்குவது) திரும்பவில்லை. முதல் பேஸின் நூலிழைத் தீர்ப்பைப் பக்கத்தில் நிற்பவரைவிட நன்றாகப் பார்க்க வேறு அம்பயருக்கு வாய்ப்பு குறைவு, கூடிப் பேசியிருந்தாலும் பெரிதாகப் பயன் இருந்திருக்காது.

அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை பேஸ்பாலான மேஜர் லீகில் 2008-இல் ஹோம் ரன்களுக்கு மட்டும் வந்த வீடியோ மறுபார்வை 2014-இல் விரிந்தது. இப்போது நியூயார்க்கில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வீசிய பந்து பேட்டருக்கான எல்லைக்குள் வந்ததா (ஸ்ட்ரைக்), வெளியே போனதா (பால்) என்ற தீர்ப்புகளையும் 2026 முதல் பேட்டரோ பிட்சரோ அவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரோ தலையைத் தட்டி எதிர்க்கலாம்.

கேமரா இல்லாத மைதானத்தில் இதெல்லாம் கிடையாது. நான்கு அல்லது ஆறு அம்பயர்கள் நிற்கும் ஆட்டத்தில் நான் நின்றதில்லை, அத்தனை பேர் கூடினால் பேச்சு இழுக்கலாம். இருவர் என்றால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். தீர்ப்புச் சொன்னவரே கேட்க வேண்டும், தள்ளி நின்று தாழ்ந்த குரலில் பேச வேண்டும், மாற்றிய தீர்ப்பையும் அவரே அறிவிக்க வேண்டும். அப்புறம் மேனேஜர்கள் இருவரிடமும் காரணத்தை விளக்கிவிட்டால் சத்தம் பாதியாகக் குறையும்.