பள்ளி திறக்கும் முன் ஒரு நாள்: ஒகேனக்கலா, டேமா, மாந்தோப்பா?

கத்திரி வெயில் மே 28 வாக்கில் முடியும். பள்ளி ஜூன் முதல் வாரத்திலோ இரண்டாம் வாரத்திலோ திறக்கும். நடுவில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நாளில் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பல வீடுகளில் ஒரே புலம்பல்தான்: "லீவே முடியப் போகுது, பிள்ளைங்கள எங்கயும் கூட்டிட்டுப் போகலையே!" நோட்டு, அட்டை, ஷூ, ஃபீஸ் என்று செலவு வரிசைகட்டி நிற்கும் நேரமும் அதுதான். ஊட்டிக்குப் போய் ரூம் போடுகிற நிலையில் எல்லோரும் இல்லை. காலையில் கிளம்பி, பொழுது சாயும் முன் வீடு திரும்ப வேண்டும்.

எங்கள் வீட்டில் இந்த வருஷம் மூன்று பெயர்கள் அடிபட்டன. வீட்டுக்காரர் ஒகேனக்கல் என்றார். மாமியார் கே.ஆர்.பி. டேம், அதாவது கிருஷ்ணகிரி அணை என்றார், பக்கம், முட்டிவலிக்கும் தோது. நான் போச்சம்பள்ளிப் பக்கம் இருக்கும் சித்தப்பாவின் மாந்தோப்பைச் சொன்னேன். கடைசியில் தோப்புக்குத்தான் போனோம். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று யாரும் நம்ப வேண்டாம். மற்ற இரண்டு இடங்களுக்கும் இதே வாண்டுகளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறோம். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. நான் சொல்வதெல்லாம் இந்த வயதுக் கணக்குத்தான்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். அழகில் ஒகேனக்கலை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தர்மபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர், எங்களுக்கு அதற்கும் மேல் நீண்ட தூரம். பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் இறங்குகிற பாதையிலேயே பிள்ளைகள் ஜன்னலில் ஒட்டிக்கொள்வார்கள். அருவி, பரிசல், தொங்கு பாலம், முதலைப் பண்ணை, நாம் வாங்கிக் கொடுக்கிற மீனை மசாலா தடவிப் பொரித்துத் தருகிற அக்காக்கள் என்று எல்லாம் உண்டு. செலவிலும் அதுதான் முதலிடம். டேம் கிருஷ்ணகிரி டவுனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு ஆட்டோ பிடித்தால் போதும். தோப்புக்குப் பெட்ரோலும் கட்டுச்சோறும்தான் செலவு. கழிவறை என்று பார்த்தால் தோப்பு தோற்றுப்போகும். சித்தப்பா வீடு அரை மைலில் இருந்ததால் நாங்கள் தப்பித்தோம்.

தர்மபுரிப் பக்கத்து வத்தல்மலையை இதில் சேர்க்கவில்லை. மலை வளைவுகளில் சின்னவனுக்கு வாந்தி வரும், அதற்கு மேல் யோசிக்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

இனி நான் எதை வைத்து முடிவெடுத்தேன் என்று சொல்கிறேன். சின்னப் பிள்ளைகளோடு போகிற இடத்துக்கு நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். போய் இறங்கியதும் பிள்ளையின் கையை விடலாமா?

கையைப் பிடித்துக்கொண்டு போகிற வரைக்கும் பிள்ளை நாம் காட்டுவதைப் பார்க்கும். விட்ட பிறகுதான் அது தானாக எதையாவது எடுக்கும், உடைக்கும், அடுக்கும், இன்னொன்றாக மாற்றும். சும்மா ஒரு குச்சியை எடுத்தால் அது சாட்டையாகும், அப்புறம் மைக், அப்புறம் துடுப்பு. அதற்கு அரை மணி நேரமாவது பெரியவர்கள் குறுக்கே வராமல் இருக்க வேண்டும். "அங்க போகாத, தொடாத, விழுந்துடுவ" என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்ல வேண்டிய இடத்தில் எந்த விளையாட்டும் முளைக்காது.

இந்தக் கேள்வியை ஒகேனக்கலில் வைத்தால் பதில் உடனே கிடைத்துவிடும். விடவே முடியாது. மே கடைசியில் காவிரியில் பெரும்பாலும் தண்ணீர் குறைவு, பாறைகள் வெளியே தெரியும். பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் பாசி பிடித்த பாறை வழுக்கும், பாறைக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தின் ஆழம் மேலே நின்று பார்த்தால் தெரியாது. எண்ணெய் மசாஜ் செய்துகொண்டவர்கள் நடந்துபோன பாதையில் நமக்கே கால் நிற்காது. மேலே கர்நாடகத்தில் மழை பெய்தாலும், கிருஷ்ணராஜ சாகரிலோ கபினியிலோ தண்ணீர் திறந்தாலும், ஏன், நம் அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கம் ஒரு நல்ல மழை அடித்தாலும் கூட ஆற்றில் வரத்து கூடும். அதைத் தமிழக எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். வரத்து கூடினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடுவார்கள், போட வேண்டியதுதான். கிளம்புகிற அன்று காலையில் நீர்வரத்துச் செய்தியைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

தடை இல்லாத நாளிலும் எங்கள் நிலைமை இப்படித்தான் இருந்தது: அவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார், நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன், செருப்பையும் பையையும் மாமியார் காவல் காத்தார். லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பரிசலில் சுற்றியபோது பெரியவள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சின்னவன் அருவியைப் பத்து நிமிஷம் பார்த்தான், அதற்கப்புறம் அவனுக்குக் குரங்குதான் ஒகேனக்கல். குரங்கு பார்க்க அவ்வளவு தூரம் தேவையில்லை.

கையை விடுகிற கணக்கில் டேம் பூங்கா மற்ற இரண்டுக்கும் நடுவில். புல்தரை இருக்கிறது, ஊஞ்சல், சறுக்கு எல்லாம் இருக்கின்றன, கையைப் பாதி விடலாம். மாமியார் நிழலில் உட்கார்ந்து நிப்பட் தட்டை கடித்துக்கொண்டே இருவரையும் கண்ணால் கட்டிப்போட்டார். மதகு பக்கம் போய் நின்று, 52 அடி அணை, தண்ணீர் இப்போது எவ்வளவு நிற்கிறது என்று பெரியவளுக்குக் கணக்குச் சொல்லலாம். 2017-இல் ஒரு மதகு உடைந்த கதையைப் பக்கத்தில் இருக்கிற யாராவது ஒரு பெரியவர் கேட்காமலே ஆரம்பிப்பார். ஆனால் அங்கே விளையாட்டு என்றால் ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்பதும், வெயிலில் காய்ந்த சறுக்கில் தொடை சுட்டுக்கொள்வதும்தான். பிய்க்க, குழைக்க, அடுக்க ஒரு பொருளும் கையில் சிக்காது. தண்ணீரில் காலை நனைக்கலாமா என்றால், இந்த அணைக்கு வருகிற தென்பெண்ணையில் மேலே ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நுரை பொங்குகிற படங்களைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வருவதில்லை. சாயங்காலம் நாலரைக்குப் போய் இருட்டும் முன் திரும்புவதற்கு டேம் அருமையான இடம். ஒரு முழு நாளைத் தாங்காது.

தோப்புக்கு வருகிறேன்.

மே கடைசியில் எங்கள் பக்கத்துத் தோப்புகளில் செந்தூரா பழுத்திருக்கும், பெங்களூரா திரண்டு தொங்கும், நீலம் "எனக்கு இன்னும் நாள் இருக்கு" என்று நிற்கும். அடர்ந்த மரத்தடியில் பதினொரு மணிக்கும் வெயில் சில்லறையாகத்தான் விழும். முதல் கால் மணி நேரம் இரண்டும் என் புடவையைப் பிடித்துக்கொண்டு "போர் அடிக்குதும்மா, போன் குடு" என்றன. இதைத் தாங்கிக்கொள்வதுதான் தோப்பில் அம்மாக்களுக்கு இருக்கிற ஒரே கஷ்டமான வேலை. நான் போனை வண்டியிலேயே வைத்துப் பூட்டியிருந்தேன்.

சித்தப்பா ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. மரத்தடியில் முளைவிட்டுக் கிடந்த மாங்கொட்டையை எடுத்து, ஓட்டைப் பிரித்து, உள்ளே இருந்த பருப்பின் முனையைக் கல்லில் தேய்த்து ஒரு ஊது ஊதினார். பீப்பீ! அவ்வளவுதான், அடுத்த அரை மணி நேரம் தோப்பு முழுக்கப் பீப்பீ. நாங்கள் வழியில் தின்ற நுங்கின் வெறும் கூடு இரண்டை எடுத்துக் குச்சியில் கோர்த்துக் கொடுத்தார், கவட்டைக் குச்சியை வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. சின்னவன் அதைத் தள்ளிக்கொண்டு போனவன் திரும்பி வரும்போது லாரி டிரைவராகியிருந்தான். பெரியவள் சும்மா இருப்பாளா? மரத்தடியில் மண்டி திறந்துவிட்டாள். விழுந்து கிடந்த பிஞ்சும் வெம்பலும் சரக்கு, மாவிலை ரூபாய் நோட்டு, இரண்டு கொட்டாங்குச்சியில் கயிறு கட்டித் தராசு. லாரியில் ஏறும் சரக்கு "ஜூஸ் பேக்டரி"க்குப் போகுமாம், பேக்டரி என்பது கல் மேடை. விலை பேசத் தாத்தாவை, அதாவது என் சித்தப்பாவைக் கூப்பிட்டாள். "கிலோ என்ன விலைங்க பாப்பா?" என்று அவர் கேட்டதும் இவள், சந்தையில் ரகசியமாக விலை பேசுகிறவர்கள் மாதிரி, கையைத் துண்டுக்குள் விட்டு விரலைப் பிடித்தாள். அதை எங்கே பார்த்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மதியச் சோற்றுக்குப் பிறகு மண். முந்தின நாள் மழையில் செம்மண் பதமாக இருந்தது. அடுப்பு, சட்டி, களி உருண்டை என்று சொப்பு சாமான் வரிசையாகக் காய்ந்தது. தின்று முடித்த பழத்தின் கொட்டையைக் கழுவிக் காயவைத்தால் நார் தலைமுடி மாதிரி சிலிர்த்து நிற்கும், கரியால் கண் வாய் வரைந்தால் பொம்மை தயார். எங்கள் வீட்டு ஜன்னலில் இப்போது ஒரு குடும்பமே நிற்கிறது.

இப்படியெல்லாம் சொல்கிறேனே, தோப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையை விடலாமா? கூடாது. எங்கள் பக்கத்து நிலங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்த கிணறு சாதாரணம். அதைவிட எனக்குப் பயம் பண்ணைக் குட்டை. பிளாஸ்டிக் தார்ப்பாய் விரித்த குட்டையின் சரிவில் பிள்ளை கால் வைத்தால் சறுக்கிக்கொண்டே போகும், பிடித்து ஏற ஒரு பிடி கிடைக்காது. இந்த இரண்டில் ஒன்று வேலி இல்லாமல் இருக்கிற தோப்பு என்றால் ஒகேனக்கலே மேல், அங்கேயாவது ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தே கையைப் பிடித்திருப்போம். சித்தப்பா தோப்பில் கிணற்றுக்குச் சுவரும் கம்பிக் கதவும் உண்டு, அதனால்தான் அந்தத் தோப்பு. போனதும் முதலில் நான் ஒரு சுற்று நடந்து, மோட்டார் ரூம் பூட்டியிருக்கிறதா, கீழே ஒயர் கிடக்கிறதா என்று பார்த்தேன். சருகு குவிந்த இடத்தைத் தடியால் தட்டிவிட்டோம். அதன் பிறகுதான் கையை விட்டது.

கேட்டுக்கொள்ள வேண்டியது இன்னும் இரண்டு. கடைசியாகப் பூச்சிமருந்து எப்போது அடித்தார்கள் என்று தோப்புக்காரரிடம் கேளுங்கள், அண்மையில் அடித்திருந்தால் வேறு நாள் பாருங்கள். அடுத்தது குத்தகை. பல தோப்புகளில் பூ பூக்கும்போதே வியாபாரிக்குக் குத்தகை விட்டுவிடுவார்கள். நிலம் நம் சொந்தக்காரருடையதாக இருந்தாலும் காய் அவருடையது இல்லை. எங்கள் பிள்ளைகளுக்குச் சட்டம் ஒன்றுதான்: கீழே விழுந்தது உங்களுடையது, மரத்தில் இருப்பது வேறு ஒருவருடையது. காம்பு கிள்ளினால் வடிகிற பால் பட்டால் வாயோரம் புண்ணாகும் என்பதால் இந்தச் சட்டம் அவர்களுக்கும் நல்லதுதான்.

சொந்தத்தில் தோப்பு இல்லாதவர்கள் என்ன செய்வது? இந்த மாவட்டத்தில் கூட வேலை செய்கிற யாராவது ஒருவருக்கு, இல்லாவிட்டால் அவர் மச்சானுக்கு, ஒரு தோப்பு இருக்கும். கேட்டால் "வாங்க, அதுக்கென்ன" என்பார்கள். வெறுங்கையோடு போகாமல் ஒரு பாக்ஸ் ஸ்வீட் வாங்கிக்கொண்டு போங்கள். அறிமுகம் இல்லாத தோப்பில் நான் பிள்ளைகளை விட்டுப் பார்த்ததில்லை, அதனால் அங்கே இதே சுதந்திரம் கிடைக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி போதாதா என்று ஒரு தோழி கேட்டாள். விதவிதமான மாம்பழங்களை ஒரே இடத்தில் பார்க்க அது நல்லதுதான், ஆனால் அந்தக் கூட்டத்தில் கையை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

பத்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கு என் தீர்ப்பு செல்லுமா என்பது சந்தேகம். நீச்சல் தெரிந்த, சொன்னால் நிற்கிற வயது வந்துவிட்டால் ஒகேனக்கல் முன்னால் போய்விடும் என்றுதான் நினைக்கிறேன். பெரியவள் இப்போதே "அடுத்த வருஷம் பரிசல்" என்று அப்பாவிடம் வாக்கு வாங்கிவிட்டாள். போகலாம், ஆடிப்பெருக்கு அன்று மட்டும் வேண்டாம்.

தோப்புக்குப் போகிறவர்கள் காலை எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். இந்தப் பருவத்தில் மதியத்துக்கு மேல் திடீரென்று கறுத்து இடி இறங்கும், அப்போது மரத்தடியில் நிற்கவே கூடாது. நாங்கள் இரண்டரைக்கே மூட்டை கட்டினோம். மண்டியை மூட மாட்டேன் என்று பெரியவள் அடம்பிடித்ததால், மொத்தச் சரக்கையும் நான் ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.